சங்கிலி அறுந்த புதன்கிழமை

எங்கள் வீட்டு முன்னறையில் அன்று ஒன்பது பெண்கள் உட்கார்ந்திருந்தோம். பாயில் ஆறு பேர், பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று பேர். நடுவில் இரும்புக் கட்டில். கட்டிலில் என் வீட்டுக்காரர் ஜெயராஜ். வலது கையும் வலது காலும் விழுந்து, பேச்சும் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். ஷூ கம்பெனி வேன்கள் பெண்களைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகிற நேரம். சன்னல் வழியாகத் தோல் வாடை வந்தது. எங்களுக்கு அது வாடை இல்லை, காற்றுதான். வெளியூர்க்காரர்கள்தான் ஆம்பூர் வந்ததும் மூக்கைப் பொத்துவார்கள்.

எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். கஸ்தூரி என்கிற பெண் ஜெபம் செய்துகொண்டிருந்தாள். என் வீட்டுக்காரருக்காகத்தான் செய்துகொண்டிருந்தாள். அதன் நடுவில் நான் வாயைத் திறந்தேன்.

அப்படித் திறந்த என் வாயைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

என் வாய், மருமகள் விரல்

வாணியம்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார், மூன்றாம் வகுப்போடு நின்றதாகச் சொல்லும் நீங்கள் வாராவாரம் இத்தனை பத்தி எப்படி எழுதுகிறீர்கள் என்று. நியாயமான கேள்வி.

நான் எழுதவில்லை, சொல்கிறேன். மருமகள் ஷீபா பள்ளிக்கூடத்து டீச்சர். சமையல் முடிந்து உட்காரும்போது நான் சொல்லச் சொல்ல போனில் தட்டுவாள். பிறகு திருப்பிப் படித்துக் காட்டுவாள். நான் சொல்லாத ஒரு வார்த்தை உள்ளே நுழைந்திருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் எனக்கு. ஆனால் காதில் விழுந்தது என்னை விட்டுப் போகாது.

இந்த வாரத்துச் சங்கதியைச் சொல்ல ஆரம்பித்ததும் அவள் விரலை எடுத்துவிட்டாள். "இத எழுத வேணாம் அத்த. சபைல எல்லாரும் படிப்பாங்க" என்றாள்.

படிக்கட்டும். அன்று ஒன்பது பேர் முன்னால் செய்தேன். ஊரறியச் சொல்வதில் இன்னா குறைந்துவிடப் போகிறது?

கட்டுக்கு ஒரு வசனம்

என் பெருமையைச் சொன்னால்தான் மீதி புரியும்.

ஷூ கம்பெனியில் நான் இருபத்திரண்டு வருஷம் ஸ்கைவிங் மிஷினில் உட்கார்ந்தவள். வெட்டி வருகிற தோல் துண்டின் ஓரத்தை மெல்லிசாகச் சீவுவதுதான் ஸ்கைவிங். ஓரம் தடியாக இருந்தால் இரண்டு துண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியாது. மேடு தட்டும். அந்த மேடு போடுகிறவர் காலைக் கடிக்கும். நான் சீவின ஓரம் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. வேலை பழக வருகிற பெண்களை சூப்பர்வைசர் என் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்.

துண்டுகள் கட்டுக் கட்டாக வரும். மிஷின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவளோடுகூடப் பேச முடியாது. சும்மா இருக்கும் வாயை என்ன செய்வது? பக்கத்து வீட்டு டெய்லர் அக்காவை முந்தின நாள் சாயங்காலமே வேதத்தில் ஒரு பகுதியைப் படித்துக் காட்டச் சொல்வேன். மறுநாள் கட்டைப் பிரிக்கும்போது ஒரு வசனம். அந்தக் கட்டு முடிகிறவரை அதே வசனம். அடுத்த கட்டுக்கு அடுத்தது.

இப்படித்தான் அதிகாரம் அதிகாரமாக உள்ளே போயிற்று. சங்கீதங்கள் என்று வேதத்தில் வருகிற துதிப்பாட்டுகளில் பாதிக்கு மேல் எனக்கு வாய்ப்பாடம். அன்பைப் பற்றிய அதிகாரம் ஒரே நாளில் முடிந்தது. அன்றைக்கு ஏற்றுமதி ஆர்டர், கட்டு ஜாஸ்தி.

எங்கள் சேகரத்துச் சபைகள், அதாவது சுற்றுவட்டாரக் கோயில்கள், எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை பெண்களுக்கு வசனப் போட்டி நடத்தும். காலேஜ் படித்தவர்கள், நர்ஸுகள், டீச்சர்கள் எல்லோரும் வருவார்கள். முதல் பரிசு எனக்குத்தான் வரும். பரிசுப் பாத்திரங்களை லாங் பஜாரில் வாங்கி, மேலே பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். அலமாரியின் மூன்று தட்டு நிறைய எவர்சில்வர். வீட்டுக்கு யார் வந்தாலும் 'முதல் பரிசு' என்று வெட்டின தட்டில்தான் முறுக்கு வைப்பேன். பெயர் வெட்டின பக்கம் அவர்களைப் பார்த்திருக்கும்படி வைப்பேன்.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் சிரிப்பு. அவர் தோல் ஷாப்பில், தோலை ஊறவைத்துச் சுழற்றுகிற டிரம் ஓட்டினவர். கோயிலில் கடைசி பெஞ்சுக்காரர். ஒருமுறை போதகர் பிரசங்கத்தில் ஒரு வசனத்தின் எண்ணை மாற்றிச் சொல்லிவிட, ஆராதனை முடிந்து வாசலில் கை குலுக்கும்போது நான் சரியான எண்ணைச் சொன்னேன். போதகர் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் இவர் சொன்னார்:

"கம்பெனில அத்தினி ஓரத்தயும் சீவுற. உன் வாய் ஓரத்த யார்கிட்டம்மா குடுத்து சீவறது?"

"தப்ப தப்புன்னு சொன்னா குத்தமா?" என்றேன்.

"குத்தம் இல்ல. கடிக்குது" என்றார்.

நன்றாகப் பேசுகிற காலத்தில் அவர் சொன்ன பேச்சு. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆமென் யாருடையது

கஸ்தூரி எங்கள் சபைக்கு வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. சோளிங்கர் பக்கத்துப் பெண். சின்ன வயதில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து மலையேறி நரசிம்மரைக் கும்பிட்டு வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து, புருஷனையும் இழந்து, ஷூ கம்பெனியில் கிளீனிங் டேபிளில் நின்றாள். முடிந்த ஷூவில் ஒட்டியிருக்கும் பசையைத் துடைத்துப் பெட்டியில் வைக்கிற வேலை. உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது எங்கள் சபைப் பெண்கள் மாறி மாறிக் கஞ்சி கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த வழியில் வந்தாள். ஞானஸ்நானமும் எடுத்தாள். வாசிக்கத் தெரிந்தவள், பத்தாம் வகுப்பு. ஆனால் வேதக் கதைகள் எல்லாம் அவளுக்குப் புதிது. ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில் எங்களுக்குச் சங்கிலி ஜெபம் உண்டு. வட்டமாக உட்காருவோம். பாஸ்டரம்மா, அதாவது போதகரின் மனைவி, ஆரம்பிப்பார்கள். அவர்கள் நிறுத்தின இடத்திலிருந்து பக்கத்தில் இருப்பவள் எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் நிறுத்தினால் அடுத்தவள். யாரும் விட்டுவிடக் கூடாது, ஒரு ஸ்தோத்திரமாவது சொல்ல வேண்டும். நடுவில் யாரும் ஆமென் சொல்ல மாட்டார்கள். வட்டம் முடிகிற இடத்தில் இருப்பவள்தான் ஆமென் சொல்லி முடிப்பாள்.

அந்தக் கடைசி இடம் பல வருஷமாக என்னுடையது. யாரும் கொடுத்ததில்லை, நான் உட்கார்ந்து உட்கார்ந்து என்னுடையதானது. எட்டுப் பேர் தத்தித் தத்திச் சொன்னதை எல்லாம் வசனம் வசனமாகக் கோர்த்து நான் முடித்தால்தான் கூட்டம் முடிந்த மாதிரி இருக்கும் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று கஸ்தூரி வேலை முடிந்து தாமதமாக வந்தாள். என் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அவள் முறை வந்தது. அந்தக் குரலை இப்போதும் அப்படியே சொல்வேன்.

"ஏசப்பா, நாலு நாளா கல்லறைக்குள்ள கெடந்துச்சே அந்தப் பொண்ணு. அவங்க அப்பா வாசல்ல நின்னு அழுதுனு இருந்தாரே. நீ உள்ள போயி அந்தப் பொண்ணு கைய புடிச்சி எழுப்பனியே. அதே மாரி இந்த அண்ணன் கைய புடிச்சி..."

"அந்தப் பொண்ணு கல்லறைக்கே போவல" என்றேன். கண்ணைத் திறக்கவில்லை. "அது வீட்டுல கட்டில்ல கெடந்தது. நாலு நாள் கல்லறைல கெடந்தது வேற ஊருல. அது ஆம்பள."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். சலோமிதான், அவளுக்கு அடங்காது. கஸ்தூரி நிறுத்திவிட்டாள். நான் காத்திருந்தேன், திருத்திக்கொண்டு தொடருவாள் என்று. அவள் தொடரவில்லை. சங்கிலி அறுந்து தொங்கியது. அடுத்தது நான்தானே? சட்டென்று எடுத்துக்கொண்டேன். ஆண்டவர் செத்தவர்களை எழுப்பின இரண்டு கதையையும் பிரித்து, அதனதன் இடத்தில் வைத்து, சங்கீதத்தில் கொண்டுபோய் முடித்து ஆமென் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது என் வீட்டுக்காரர் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். டங், டங் என்று. தண்ணீரா என்றேன். தலையணையைத் தூக்கவா என்றேன். இல்லை. அவர் பார்வை என்மேல் இல்லை. கஸ்தூரி செருப்பு மாட்டிக்கொண்டு போன வாசலின்மேல் இருந்தது.

"அழகா எடுத்துக் குடுத்தீங்க ரோஸம்மாக்கா" என்று சலோமி சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அது இனித்தது. பொய் சொல்லி என்ன பிரயோசனம், இனித்தது.

சுவர்ப் பக்கம்

தினமும் சாயங்காலம் அவர் கட்டில் அருகில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் சொல்வேன். பேச்சு வராதவரிடம் நாம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொல்லும்போது என் வாயையே பார்த்துக்கொண்டு கிடப்பார்.

மறுநாள் நான் வாயைத் திறந்ததும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உடம்பு அசதி என்று நினைத்தேன். அடுத்த நாளும் சுவர். அதற்கடுத்த நாளும். கஞ்சி கொடுத்தால் குடித்தார், துடைத்துவிட்டால் ஒத்துழைத்தார், நான் ஒரு வசனத்தை ஆரம்பித்தால் மட்டும் சுவர். அப்போது மகனும் மருமகளும் ஓசூரில் இருந்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவருக்குப் பேச்சில்லை, இன்னொருத்தி பேச்சைக் கேட்க ஆளில்லை. அந்தப் பேஜாரை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

சில சமயம் இடது கையால் வாசலைக் காட்டுவார். பிறகு அந்தக் கையால் செத்துக் கிடந்த வலது கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்துக்கொள்வார். எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. அவள் ஜெபம் அவருடைய கை வரைக்கும் வந்து நின்றுபோயிருந்தது. கையைப் பிடித்து என்ன செய்யச் சொல்லப் போனாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

புரிந்தும் புரியாத மாதிரி இருந்தேன். ஃபேனைத் திருப்பி வைப்பேன், கதவைச் சாத்துவேன். அவளைப் போய்க் கூப்பிடுவதா? நான் என்ன தப்புச் சொல்லிவிட்டேன்? வேதத்தில் இருப்பதைத்தானே சொன்னேன்?

கஸ்தூரி அதற்குப் பிறகு புதன்கிழமைக்கு வரவில்லை.

முழங்காலை ஒதுக்கினாள்

மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. பெஞ்சு பெஞ்சாக எழுந்து பீடத்துக்குப் போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவோம். அதற்கு முன்னால் போதகர் சொல்வார், யார்மேலாவது மனக்கசப்பு இருந்தால் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று. பக்கத்தில் இருப்பவர்கள் கைகொடுத்துச் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். நானும் முன்னால் இருவருக்கும் பின்னால் இருவருக்கும் கைகொடுத்தேன். எனக்கு யார்மேலும் கசப்பு இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் பெஞ்சு எழுந்தது. ஓரத்தில் கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள். அவள் எழவில்லை. நாங்கள் போவதற்காக முழங்காலை மட்டும் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டாள். நான் அவளைத் தாண்டிப் போய், வாங்கி, திரும்பி வந்தேன். மறுபடியும் முழங்காலை ஒதுக்கி எனக்கு வழி விட்டாள். நிமிர்ந்து பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

வாயில் இன்னும் அந்த அப்பத்தின் ருசி இருந்தது.

அதற்கு முந்தின மாதம்கூட அவள் பீடத்துக்கு வந்ததைப் பார்த்தவள் நான். கோபம் என்றால் எனக்குப் புரியும். என்னைப் பார்த்துச் சிரிக்கிறவளுக்கு என்ன கோபம்? பின் ஏன் வரவில்லை?

வீட்டுக்கு வந்தேன். அவர் வாசலைக் காட்டினார். புடவையைக்கூட மாற்றவில்லை நான். பக்கத்து வீட்டு டெய்லர் அக்காவைக் கட்டில் அருகில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன். போய்க் கேட்காமல் திரும்புவதில்லை என்று நடந்தேன்.

கோடு போட்ட நோட்டு

ஒரே அறை வீடு. கஸ்தூரி தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, இருக்கிற ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

நாற்காலிக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டு ஒன்று கிடந்தது. மூலையெல்லாம் பசை துடைக்கிற திரவம் பட்டுச் சுருங்கியிருந்தது. கம்பெனிக்கு எடுத்துப் போகிறாள் என்று தெரிந்தது. இன்னா நோட்டு என்று கேட்டேன்.

வெட்கப்பட்டாள். பிறகு பிரித்துக் காட்டினாள். பக்கத்துக்கு ஒரு கதை. எந்த ஊர், யார், ஆணா பெண்ணா, எத்தனை நாள். எல்லாம் தனித்தனியாக, அடியில் கோடு போட்டு.

"நீங்க கட்டுக்கு ஒண்ணா படிச்சீங்களாமே. நான் பொட்டிக்கு ஒண்ணு வெச்சிருக்கேன்கா. ஒரு ஜோடி தொடச்சி பொட்டில வெக்கறதுக்குள்ள ஒண்ணு. மண்டைலதான் ஏற மாட்டேங்குது."

"எதுக்குடி இதெல்லாம்?"

"தப்பில்லாம வந்ததும் புதன்கிழமைக்கு வர்றேன்கா."

திருவிருந்துக்கு ஏன் எழவில்லை என்று கேட்டேன். வெங்காயத் தோலை விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அதுக்கும்தான்கா. ஆண்டவர் கதையே தெரியாதவ எப்டிக்கா அங்க போயி முட்டி போடறது? மொதல்ல படிச்சிடறேன்."

அவள் என்மேல் ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், எனக்குப் பதிலுக்கா பஞ்சம்? நான் சொன்னதை அவள் நம்பிவிட்டாள். பீடத்தின் முன்னால் நான் ஒரு பரீட்சை வைத்துவிட்டேன், அவள் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து அதற்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தனை அதிகாரம் தங்கியிருக்கிற வாயில் அந்த ஒரு சொல் வரவில்லை. அதை நான் எந்தத் தோல் கட்டுக்கும் பழகியிருக்கவில்லை.

"அவர் உன்ன கூப்பிடறாரு" என்றேன்.

"அண்ணனுக்குப் பேச்சு வந்துட்டுச்சா?"

"இல்ல. கையால கூப்பிடறாரு. தெனமும் கூப்பிடறாரு. நான்தான் சொல்லல."

"வர்றேன்கா. ஆனா ஜெபம் பண்ணச் சொல்லாதீங்க" என்றாள்.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

ஃபேன் காற்றுப் படாத இடம்

அந்தப் புதன்கிழமையும் எங்கள் வீட்டில்தான் கூட்டம். கேட்டு வாங்கினேன். அதே பாய், அதே நாற்காலிகள், அதே ஒன்பது பேர்.

கஸ்தூரி வந்ததும் அவளை என்னுடைய கடைசி இடத்தில் உட்கார வைத்துவிட்டு, நான் அவளுக்கு முந்தின இடத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னாக்கா, எடம் மாறி உக்காந்துட்டீங்க?" என்றாள் சலோமி.

"அங்க ஃபேன் காத்து படல" என்றேன்.

பாஸ்டரம்மா ஆரம்பித்தார்கள். சங்கிலி ஒவ்வொருவராக வந்தது. வசனப் போட்டி மேடையில்கூட நான் இப்படிப் பயந்ததில்லை. என் முறை வந்தது. நாக்கு எழவில்லை. இத்தனை வருஷம் பிழையில்லாமல் பழகின நாக்கு. தெரிந்தே ஒரு பிழையைச் சொல் என்றால் அது எப்படிச் சொல்லும்? கையை இறுக்கிக்கொண்டு சொன்னேன்.

"ஏசப்பா, நாலு நாளா கல்லறைக்குள்ள கெடந்துச்சே அந்தப் பொண்ணு..."

வட்டத்தில் யாரோ அசைந்தார்கள்.

"அவங்க அப்பா வாசல்ல நின்னு அழுதுனு இருந்தாரே. நீ உள்ள போயி அந்தப் பொண்ணு கைய புடிச்சி எழுப்பனியே."

"அக்கா" என்று சலோமி கிசுகிசுத்தாள். "அக்கா, அது வேற ஆளு." அவள் குரலில் சிரிப்பு இல்லை, பயம்தான் இருந்தது. ரோஸம்மாவுக்கும் வயசாகிவிட்டது, நினைவு தப்புகிறது என்று நினைத்துவிட்டாள். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அது எனக்கு எவ்வளவு குத்தியது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். இல்லை, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, எந்த எண்ணையும் கேளுங்கள் என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை.

"அதே மாரி இந்த மனுஷன் கைய புடிச்சி..." என்றேன்.

அங்கே நிறுத்தினேன்.

நான் அவளை அறுத்த அதே இடம். நான் அவளை ஜெபம் பண்ணு என்று சொல்லவில்லை. நான் நிறுத்தினால் அடுத்தவள் எடுக்க வேண்டும், அது எங்கள் வழக்கம். அடுத்தது அவள்.

மின்விசிறி சுற்றியது. தெருவில் ஒரு வேனின் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை. நான் திறந்தேன், அன்றைக்கு மட்டும். கட்டிலில் அவர் சுவர்ப் பக்கமிருந்து முகத்தைத் திருப்பியிருந்தார்.

கஸ்தூரியின் குரல் முதலில் காற்றாகத்தான் வந்தது.

"கைய புடிச்சி தூக்கி உக்கார வெய்ப்பா. அது முடியலன்னாலும் பரவால்லப்பா. இந்த அக்கா ஒத்த ஆளா அண்ணன தூக்கறாங்க, பெரட்டறாங்க. அவங்க தோள்பட்ட வலிக்குது, யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. ரோசக்காரங்க. அக்காவோட கையயும் புடிச்சிக்கப்பா. இத அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன்பா."

அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. வட்டம் அவளோடு முடிந்தது. ஆமென் சொன்னாள்.

அன்றைக்கே கேட்க இருந்தாளாம். நான் அறுத்துப் போட்ட மிச்சத்தில் இருந்தது நான்.

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, அவள் கையைப் பிடித்து, "அன்னிக்கி நான் பண்ணது தப்பு கஸ்தூரி, மன்னிச்சிடு" என்றேன். எட்டுப் பேர் முன்னால், சத்தமாக. அப்போது அந்தச் சொல் வந்தது.

சலோமி விடவில்லை. தெரிந்தே ஆண்டவர் முன்னால் தப்பாகச் சொல்லலாமா என்று வாசலில் நின்று கேட்டாள்.

"எழுப்பனது அவர்தானேடி? ஆம்பளயா பொம்பளயான்னு அவருக்குத் தெரியாதா?" என்றேன்.

பாஸ்டரம்மா சிரித்தார்கள். அடுத்த திருவிருந்து ஞாயிறு எங்கள் பெஞ்சு எழுந்தபோது, ஓரத்தில் இருந்த கஸ்தூரி முதலில் எழுந்தாள். நான் அவள் பின்னால் போனேன்.

காலை வேன் வருவதற்குள்

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. அவர் கை எழவில்லை. நடந்தது என்னவென்றால், மறுநாள் காலையிலிருந்து கம்பெனி வேன் வருவதற்கு அரை மணி முன்னால் கஸ்தூரி எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். தலைப்பக்கம் நான், கால்பக்கம் அவள். தூக்கி உட்கார வைத்து, துடைத்து, விரிப்பு மாற்றிவிட்டு ஓடுவாள். போகும்போது நோட்டிலிருந்து ஒரு கதையை என்னிடம் ஒப்பிப்பாள். தப்பு இருந்தால் சொல்லுங்கக்கா என்பாள். கேட்டால் மட்டும் சொன்னேன்.

அவர் சாயங்காலங்களில் மறுபடியும் என் வாயைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

என் பெருமை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த வருஷமும் வசனப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். முதல் பரிசு வாங்காமல் இறங்க மாட்டேன். கஸ்தூரியும் கொடுத்திருக்கிறாள், அவளும் பார்க்கட்டும். பாதி வசனத்தில் யாராவது தடுமாறினால் இப்போதும் என் நாக்கின் நுனியில் திருத்தம் வந்து நிற்கும். பல்லைக் கடித்து உள்ளே வைத்துக்கொள்கிறேன். தினமும் செய்ய வேண்டிய வேலை அது, ஒருநாள் செய்து முடித்துவிடுகிற வேலை இல்லை.

அந்தப் புதன்கிழமைக்கு ஒரு வருஷம் கழித்து ஒரு காலை. கஸ்தூரி வந்து கால்பக்கம் நின்றாள். தூக்கப் போனவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவர் மூச்சு மாறியிருந்தது. இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. அவள் போகவில்லை.

நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். இந்த நேரத்துக்கென்றே எனக்கு எத்தனை சங்கீதம் தெரியும். பிரேதத்தின் முன்னால் சொல்லுங்கள் என்று ஊரில் என்னைத்தானே கூப்பிடுவார்கள். அவர் கண் என் வாயைத் தேடியது. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஏசப்பா, நாலு நாளா கல்லறைக்குள்ள கெடந்துச்சே அந்தப் பொண்ணு..."

கால்பக்கமிருந்து கஸ்தூரி அழுகையோடு மெதுவாகச் சொன்னாள், "அக்கா, அது ஆம்பளக்கா."

"தெரியும்டி" என்றேன். "நீ இந்தப் பக்கம் வந்து கைய புடி."

வந்து பிடித்தாள். மறு கையை நான் பிடித்துக்கொண்டேன். விட்ட இடத்திலிருந்து அவள் எடுத்துக்கொண்டாள்.